இடது புருவம்

காலையில் அந்த வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும்தான் வெளிச்சம். ராஜகுமாரி ஜீவிதாவை அங்கே நிறுத்தி, முகவாயைப் பிடித்துத் தூக்கி, மைப் பென்சிலால் இடது புருவத்தை வரைந்துகொண்டிருந்தாள். சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு முடி போலத் தெரிய வேண்டும்.

"அசையாத."

"கூசுது சித்தி."

"கூசட்டும்."

சமையல்கட்டில் ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது.

"நடக்கட்டும்... நடக்கட்டும்!" என்றாள் ரேணுகா. "படிக்கிற பிள்ளைக்குக் காத்தால காத்தால சிங்காரம்! புஸ்தகத்தைத் தொடறதுக்கு முன்னால மையைத் தொடச் சொல்லிக் குடுக்கறா. பெத்தவளா இருந்தா இப்படிப் பண்ணுவாளா?"

ஜீவிதா வாயைத் திறந்தாள். ராஜகுமாரி பென்சிலோடு இருந்த கையால் அவள் உதட்டில் விரல் வைத்தாள். பிறகு ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். வலது புருவமும் இடது புருவமும் ஒன்று போலவே இருந்தன. கிட்டே வந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. கிட்டே வந்து பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை.

ரேணுகா நவநீதனின் அக்கா. கணவனை இழந்தவள். தம்பியின் மனைவி இறந்தபோது, ஐந்து வயது ஜீவிதாவைத் தூக்கிக்கொள்ள ஊட்டிப் பக்கத்து இத்தலாருக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் நவநீதன், இறந்தவளின் தங்கையையே கட்டிக்கொண்டான். அந்தத் தங்கைதான் ராஜகுமாரி. பிள்ளைக்கு அந்நியப் பெண் ஒருத்தி சித்தியாக வரக்கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ராஜகுமாரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதையும் யாரும் அவளிடம் நேராகக் கேட்டதில்லை.

நவநீதன் பிக்கப் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்பே கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினால் இருட்டிய பிறகுதான் மலையேறி வருவான். வண்டியின் பின்கதவில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: டாக்டர் ஜீவிதா. அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரமே எழுதிவிட்டான். மலைப்பாதையில் அவனுக்குப் பின்னால் வந்த பஸ், லாரி, டூரிஸ்ட் கார் எல்லாம் அதைப் படித்துக்கொண்டே வந்தன. பர்லியாறு டீக்கடையில், "என்னப்பா, டாக்டரம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே, "இருக்காங்க" என்பான்.

போன மே மாதம் ஜீவிதா நீட் எழுதினாள். மார்க் எந்தக் காலேஜுக்கும் எட்டவில்லை. ரிசல்ட் வந்த அன்று நவநீதன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் இறங்கவில்லை. வீட்டுக்குள் வந்தபோது கண் சிவந்திருந்தது. "அடுத்த தடவை கிடைக்கும் கண்ணு" என்று மட்டும் சொன்னான். ஜீவிதா வீட்டிலேயே போனில் வீடியோ பார்த்துப் படித்து இந்த மே மாதமும் எழுதினாள். மார்க் கொஞ்சம் ஏறியது. எட்டவில்லை.

இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரைப் பேசி வைத்திருக்கிறான். ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். போன் கிடையாது. வீட்டுக்கு வருவது பொங்கலுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவு.

"நான் அனுப்ப மாட்டேன்" என்றாள் ராஜகுமாரி, அவன் அந்த முடிவைச் சொன்ன இரவு.

நவநீதன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "ஏன்?"

"எனக்கு ஊட்டுல ஒத்தாசைக்கு ஆளு வேணும். நான் கேரட் பிடுங்கப் போயிட்டா இங்க யாரு பாக்கறது? அண்ணிக்கு முட்டி வலி. இவளும் போயிட்டா நான் ஒருத்தியே எல்லாம் பண்ணோணுமா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

ரேணுகா எழுந்தே விட்டாள். "கேட்டியா தம்பி? கேட்டியா! வெளிய வந்துருச்சு பாரு... இத்தனை வருசம் உள்ள வெச்சிருந்தது! ஏம்மா, உன் அக்கா பிள்ளைதான அவ? வேலைக்காரின்னு நெனச்சியா? என் முட்டியை ஏன் இழுக்கறே? நான் ஊர்ந்தாவது வேலை செய்வேன். பிள்ளையப் படிக்க விடு!"

"மாட்டேன்னா மாட்டேன் அண்ணி."

நவநீதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உன்னை நான் இப்படி நெனச்சதில்ல ராசு" என்றான். கை கழுவப் போய்விட்டான். சோறு பாதிக்கு மேல் தட்டில் இருந்தது.

மூலையில் ஜீவிதா புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கை நெற்றிப் பக்கம் போனது. ராஜகுமாரி ஒரு இருமல் இருமினாள். கை கீழே இறங்கியது.

ராஜகுமாரி அதைக் கண்டுபிடித்தது போன குளிர்காலத்தில். தரை பெருக்கும்போது, ஜீவிதா படிக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கருப்பு முடிகள். தலைமுடி என்றால் நீளமாக இருக்கும். அன்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாள். வலது கை நோட்டில் எழுதியது. இடது கை தன் பாட்டுக்குப் புருவத்துக்குப் போய், ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தது. கண் புத்தகத்தில். வலிப்பதாகவே தெரியவில்லை.

"ஏ... ஜீவி. என்ன பண்றே?"

ஜீவிதா தன் விரலைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

"எப்படிப் போகுதுன்னே தெரியல சித்தி... பயாலஜி எடுத்தாலே கை போயிருது. நிறுத்த முடியல."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அப்பாகிட்ட சொல்லிராதீங்க. அன்னைக்கு வண்டிக்குள்ள உக்காந்து அழுதாரே... மறுபடி என்னால பாக்க முடியாது."

மறுநாள் ராஜகுமாரி ஊட்டி மார்க்கெட்டில் ஒரு மைப் பென்சில் வாங்கினாள்.

மே மாதப் பரீட்சை முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தாள். பரீட்சை முடிந்தது. புருவம் கொஞ்சம் முளைக்கவும் செய்தது. கோச்சிங் பேச்சு வந்த அன்றே மறுபடி போய்விட்டது.

ஜீவிதாவுக்கு வேண்டியது வேறு ஒன்று. மைசூரில் ஒரு காலேஜ். டிகிரியும் பி.எட்.டும் ஒன்றாக நாலு வருடம். கணக்கு டீச்சர் ஆகலாம். அதற்கும் ஒரு என்ட்ரன்ஸ் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு மிஸ் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை. ராஜகுமாரிக்கு மட்டும் தெரிந்து விண்ணப்பித்தாகிவிட்டது. மாலையில் இருவரும் பீன்ஸ் உரித்துக்கொண்டே அதற்குத் தயாரானார்கள்.

"சின்னப் பிள்ளைக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியுதான்னு பாப்பாங்களாம் சித்தி. நீங்க அஞ்சாம் கிளாஸ் பிள்ளை. சரியா? அரைக்குள்ள கால் எத்தனை தடவை போகும்?"

"தெரியலீங்க டீச்சர்."

"இந்த பீன்ஸைப் பாருங்க. பாதியா ஒடிக்கறேன். அந்தப் பாதியை மறுபடி பாதியா..."

ராஜகுமாரி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். முதல் தடவையிலேயே புரிந்துவிடும். ஆனாலும் இரண்டாம் தடவை, "இன்னும் புரியல டீச்சர்" என்பாள். ஜீவிதா வேறு ஒரு வழியில் சொல்லிக் கொடுப்பாள். அப்போதெல்லாம் அவள் இடது கை பீன்ஸில்தான் இருந்தது. ஒரு தடவைகூட மேலே போகவில்லை. ராஜகுமாரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட நானே சொல்லிப் பாக்கறேன்" என்றாள் ராஜகுமாரி, அந்த இரவுக்கு முன்னால் ஒருநாள்.

"வேண்டாம் சித்தி! அம்மா போட்டோ முன்னால நின்னுட்டு வருசா வருசம் சொல்றாரே... 'உன் பிள்ளைய டாக்டர் ஆக்கிருவேன், உன்னை மாதிரி இந்த ரோட்டுல இன்னொருத்தி சாகக்கூடாது'ன்னு. அதை எப்படி நான் வேண்டாங்கறது? அம்மாவையே வேண்டாங்கற மாதிரி இருக்கு."

ராஜகுமாரி யோசித்தாள். பிள்ளை மறுத்தால் அவனுக்கு மனசு உடையும். பெண்டாட்டி மறுத்தால் கோபம்தான் வரும். கோபம் ஆறிவிடும்.

"சரி. நான் மாட்டேன்னு சொல்றேன். நீ ஒண்ணும் பேசாத."

"உங்களைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும். நான் சித்திதான? திட்டறதுக்கு வசதி."

அவள் சிரிப்பதற்காகச் சொன்னாள். ஜீவிதா சிரிக்கவில்லை.

அந்த யோசனை பலிக்கவில்லை. நவநீதன் கோபப்படவே இல்லை. ராஜகுமாரியோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஹாஸ்டலுக்கு வேண்டியதை வாங்க ஆரம்பித்தான். ஒரு நாள் சிவப்பு பக்கெட். ஒரு நாள் பூட்டும் சாவியும். கீழே வெயில் அதிகம் என்று ஒரு சின்ன டேபிள் ஃபேன். அவர்கள் வீட்டில் ஃபேனே கிடையாது. இத்தலாரில் யாருக்கு ஃபேன் வேண்டும்? அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து ஓடவிட்டு, ஜூன் மாதக் குளிரில் எல்லாரும் நடுங்க, "நல்லா காத்து வருதில்ல கண்ணு?" என்று கேட்டான்.

"வருதுப்பா" என்றாள் ஜீவிதா. தாடை அடித்துக்கொண்டிருந்தது.

கேரட் தோட்டத்திலும் விஷயம் பரவியிருந்தது. சேற்றில் குனிந்து கேரட் பிடுங்கும்போது பக்கத்து வரிசைக்காரி சுப்பம்மா கேட்டாள்.

"ஏனுங்க ராசு அக்கா, பிள்ளைய அனுப்ப மாட்டீங்கன்னீங்களாமா? ஊட்டு வேலைக்கு வேணும்னு?"

"ஆமா."

"உங்களைப் போயி நான் நல்லவங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே..."

"இனிமே சொல்லாத" என்றாள் ராஜகுமாரி. கேரட்டின் மண்ணைத் தட்டிப் போட்டாள்.

சனிக்கிழமை இரவு ஜீவிதாவின் தலையைக் கோதியபடி சொன்னாள்: "என்னால நிறுத்த முடியல சாமி. இனி நீயே சொன்னாத்தான் ஆகும்."

"காத்தால சொல்லிடறேன்."

காலையில் அவள் சொல்லவில்லை. நவநீதன் அன்று லோடுக்குப் போகவில்லை. வண்டியைக் கழுவி, புதிய மாலை போட்டு, பக்கெட்டையும் ஃபேனையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ பாட்டு. ஜீவிதா வாசல் வரை போய், அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரேணுகா விடிவதற்கு முன்பே எழுந்து பின்பக்கம் வெந்நீர் போட்டிருந்தாள். கையில் சுட வைத்த நல்லெண்ணெய்க் கிண்ணம்.

"கீழ நாட்டுல வெயிலு கொளுத்தும். தலை சூடாயிரும். நான்தான் எண்ணெய் வெச்சுத் தண்ணி ஊத்துவேன். வேற யாரும் என் பிள்ளையத் தொடக் கூடாது!"

"அத்தை... நானே குளிச்சுக்கறேன்" என்றாள் ஜீவிதா.

"வாயை மூடு. அஞ்சு வயசுல உன்னைக் குளிப்பாட்டினது யாரு? உக்காரு."

ஜீவிதா ராஜகுமாரியைப் பார்த்தாள். ராஜகுமாரி துண்டோடு தகர மறைப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

ரேணுகா உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். காது மடல், கழுத்து. பேச்சு நிற்கவில்லை.

"எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தவ நீ. பேங்க்ல அந்த ஆபீசரு, 'பாட்டி, கைநாட்டு வைங்க'ன்னான். யாருடா பாட்டின்னு, போட்டேன் பாரு கையெழுத்து! அந்த 'ணு' மட்டும் இன்னும் வர மாட்டேங்குது. நீ போயிட்டா எனக்கு யாரு..."

பேச்சைப் பாதியில் விட்டு, சின்னக் குழந்தைக்குச் செய்வது போல இரண்டு கட்டைவிரலையும் மூக்கின் மேல் வைத்து, புருவத்தின் வழியாக நெற்றிப்பொட்டு வரை நீவிவிட்டாள். ஒரு தரம். இன்னொரு தரம். இடது பக்க விரல் கருப்பானது.

"கருமம்... இந்த மை! ஊருக்குப் போற நாளும் இதேதானா?" வெந்நீரை மொண்டு ஊற்றினாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

கை அப்படியே நின்றது.

"ஏ... ஜீவி." குரல் மெதுவாக வந்தது. "புருவம் எங்கடி?"

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள். ரேணுகா அவள் முகத்தை நிமிர்த்தினாள். ஒரு பக்கம் அடர்த்தியான கருப்பு. இன்னொரு பக்கம் வெறும் தோல். சிவந்து, பொரிப்பொரியாக.

"அய்யோ! என்ன பண்ணினே பிள்ளைய? ஏ ராஜகுமாரி! என்னத்தை வெச்சுத் தேச்சே? நவநீதா! ஓடி வாடா!"

நவநீதன் கையில் கயிறோடு ஓடி வந்தான். ராஜகுமாரி அதற்குள் ஜீவிதாவைத் துண்டால் சுற்றியிருந்தாள்.

"சித்தி ஒண்ணும் பண்ணலை அத்தை!" ஜீவிதா கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. "நான்தான் புடுங்கினேன். நானே... படிக்கும்போது. தெரியாமயே கை போயிருது. போன வருசத்துல இருந்து. சித்திதான் தினமும் வரைஞ்சு விட்டாங்க. அப்பா பாத்தா தாங்க மாட்டாருன்னு..."

நவநீதன் கிட்டே வந்தான். அவளைப் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தான்.

"வலிக்குதா சாமி?"

"இல்லப்பா."

"தெனமும் ஒண்ணாத்தான சாப்பிட்டோம்... நான் பாக்கலியே..."

"அப்பா." அவள் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். "போக மாட்டேன்னது சித்தி இல்ல. நான். நான் சொல்லப் பயந்ததால அவங்க எனக்காகச் சொன்னாங்க. ஒத்தாசைக்கு ஆளு வேணும்னதெல்லாம் பொய். எனக்கு டாக்டருக்கு வேண்டாம்ப்பா. நான் டீச்சருக்குப் படிக்கறேன். அதுக்கு அடுத்த மாசம் பரீட்சை இருக்கு. அதை எழுதறேன்... அப்பா, அழுகாதீங்கப்பா..."

நவநீதன் ராஜகுமாரியைப் பார்த்தான். "நீ ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லாதன்னு கேட்டுக்கிட்டா."

"அதுக்கு? ஊரே உன்னைப் பேசுச்சே. நானும்..."

"பேசினாப் பேசட்டும்னுதான்."

அவன் ஈரத் தரையில் அப்படியே குந்தினான். "நான் இவ அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் ராசு. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அக்கா இறந்த நாளைப் பற்றி ராஜகுமாரி இத்தனை வருடம் பேசியதில்லை. இப்போதும் நின்ற இடத்திலிருந்து நகராமல்தான் பேசினாள்.

"அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப நீங்க வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க. அன்னைக்கும் இதே மாதிரி மழை. ரோட்டுல மரம் விழுந்து கிடந்துச்சு. அக்கா என் மடியிலதான் கிடந்தா. நீங்க இறங்கி மரத்தை இழுத்துட்டு இருக்கும்போது கண்ணைத் திறந்தா. என்ன கேட்டான்னு தெரியுமா உங்களுக்கு? டாக்டர் வேணும்னு கேக்கலீங்க. 'ஜீவி சாப்பிட்டாளா'ன்னு கேட்டா. அதுதான் கடைசி. 'சாப்பிட்டாக்கா'ன்னேன். சாப்பிட்டிருக்கலை. பொய் சொன்னேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் தெனமும் இவ சாப்பிட்டாளான்னு பாத்துட்டு இருக்கேன். ஒரு வருசமா இவ சரியாச் சாப்பிடலீங்க."

ரேணுகா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நவநீதன் எழுந்தான். மகளின் ஈரத் தலையில் கை வைத்தான். "பரீட்சை எந்த ஊர்ல?"

"கோயமுத்தூர்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

வாசல் பக்கம் போய்விட்டான். ஜீவிதா உடை மாற்ற உள்ளே ஓடினாள்.

ரேணுகா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். கரண்டியால் விறகைத் தள்ளினாள். தள்ள வேண்டிய தேவை இல்லை.

"டீச்சராகறதுக்கும் பரீட்சை வெக்கறானுங்களா?" என்றாள் அடுப்பைப் பார்த்து. "என்னை வந்து கேக்கச் சொல்லு. எனக்கே கையெழுத்து வர வெச்சவ. அதுக்கு மேல என்ன பரீட்சை..."

வெளியே தகரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ராஜகுமாரி எட்டிப் பார்த்தாள். நவநீதன் தூறலில் நனைந்தபடி வண்டியின் பின்கதவில் பட்டைத் தகட்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். 'டாக்டர்' பாதி போயிருந்தது. 'ஜீவிதா' பக்கம் அவன் தகட்டைக் கொண்டுபோகவில்லை. மஞ்சள் துருவல்கள் மழையில் ஓடின.

"தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றாள் ரேணுகா, பின்னாலிருந்து.

ராஜகுமாரி திரும்பினாள்.

"எண்ணெயும் மிஞ்சியிருக்கு. வீணாப் போகும்." ரேணுகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காரு."

"எனக்கு எதுக்கு அண்ணி..."

"உக்காருன்னா உக்காரேன் புள்ள! எத்தனை தடவை சொல்றது?" எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். "நான் என்னென்னமோ பேசிட்டேன்... பெத்தவளா இருந்தான்னு... என் நாக்கு..."

ராஜகுமாரி பலகையில் உட்கார்ந்தாள். உச்சியில் சூடாக எண்ணெய் விழுந்தது. ரேணுகாவின் கனமான கை தேய்த்தது. மண்டையில், காதுக்குப் பின்னால், கழுத்தில். கடைசியாக அவள் தலையில் எண்ணெய் வைத்தது அவளுடைய அக்கா. அதற்குப் பிறகு யாரும் வைத்ததில்லை.

கட்டைவிரல்கள் அவள் புருவத்தை நீவின. ஒரு தரம். இன்னொரு தரம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஜீவிதாவின் குரல் கேட்டது.

"சித்தி! பசிக்குது!"

"இருடி, வர்றா" என்றாள் ரேணுகா. "அசையாத. எண்ணெய் கண்ணுல போயிரும்."